பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் யாருக்கு மைலேஜ்?

கே: பெட்ரோல் ஸ்கூட்டரில் உணவு டெலிவரி செய்கிறேன். எலெக்ட்ரிக்குக்கு மாறினால் கட்டுபடியாகுமா?
(டெலிவரி ஊழியர், சிவாஜி நகர்)

ப: ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். பெங்களூரு நெரிசலில் லிட்டருக்கு 40 கிடைத்தால், இரண்டரை லிட்டர். 250 ரூபாய்க்கு மேல் பங்க்கிலேயே போய்விடும். மின் ஸ்கூட்டர் அதே தூரத்தை நாலு யூனிட்டுக்குள் முடிக்கும். யூனிட்டுக்கு 8 ரூபாய் போட்டாலும் 32 ரூபாய்தான். மிச்சமாகும் 200 ரூபாய்க்குள் வண்டித் தவணை அடங்குகிறதா என்று பாருங்கள்; முழுநாள் ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் அடங்கும். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஓட்டுபவர் பழைய வண்டியை விற்க வேண்டாம். நிற்கிற மின் வண்டி பெட்ரோல் குடிக்காது, ஆனால் தவணை கேட்கும்.

கே: எஞ்சினும்தானே முன்னேறியிருக்கிறது? அதை ஏன் யாரும் பேசுவதில்லை?
(மெக்கானிக், ஓசூர்)

ப: பேசுவோம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்ததும் சாதாரண ஸ்கூட்டருக்கும் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. சிக்னலில் தானாக அணைந்து, கிளம்பும்போது உயிர்பெறும் எஞ்சின் இருக்கிறது. 2024 ஜூலையில் பஜாஜ் சி.என்.ஜி. பைக்கையே இறக்கியது. எல்லாம் நல்ல வேலை. ஆனால் எஞ்சின் சீரான வேகத்தில்தான் சிக்கனம் காட்டும். டாம்டாம் நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் பெங்களூருவின் மையப்பகுதியில் 10 கிலோமீட்டர் போக 28 நிமிடம் 10 விநாடி ஆனது. இந்த ஊர்ந்து போகும் ஓட்டத்தில் பெட்ரோலின் பெரும்பங்கு வெறும் சூடாகத்தான் வெளியேறுகிறது. மோட்டாரோ நிற்கும்போது மின்சாரம் இழுக்காது. பல வண்டிகளில் பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் பேட்டரிக்கே திரும்புகிறது. போதாததற்கு, பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால்; எத்தனாலில் லிட்டருக்கு ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கிருஷ்ணகிரி தாண்டி சேலம் வரை சரக்கு போக வேண்டுமா? அங்கே இன்னும் உங்கள் எஞ்சின்தான் ராஜா.

கே: பி.ஜி.யில் மூன்றாவது மாடி. வண்டி தெருவில். சார்ஜ் எங்கே போடுவது?
(மளிகை டெலிவரி ஊழியர், மடிவாளா)

ப: இந்த விவாதத்தின் முடிச்சே இதுதான். பெங்களூருவில் வண்டி ஓட்டும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு பிளக் பாயிண்ட் கிடையாது. அதனால் உங்களுக்கு ஏற்றது பேட்டரியை மாற்றிக்கொள்ளும் முறை. தீர்ந்ததைக் கொடுத்து நிறைந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். சார்ஜுக்குக் காத்திருந்து ஆர்டரை இழக்க வேண்டியதில்லை. 2001இல் ரேவா மின்காரை இந்த ஊர்ச் சாலையில் ஓடவிட்ட சேத்தன் மைனி, பின்னர் சன் மொபிலிட்டி மூலம் இறங்கியது இந்தத் தொழிலில்தான். யூலு போன்ற வாடகை மின் வண்டிகளும் உண்டு. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்குள், 250 வாட்டுக்குள் இருந்தால் ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. ஹெல்மெட் கட்டாயம் போடுங்கள். உரிமம் தேவைப்படாத வண்டியிலிருந்து விழுந்தாலும் தலை அதே தலைதான். முக்கியமான லாபம் ஒன்று: வாடகை வண்டியில் பேட்டரி வயதானால் நஷ்டம் உங்களுடையது அல்ல.

கே: மின்சாரமே நிலக்கரியில்தானே வருகிறது?
(கல்லூரி மாணவி, அல்சூர்)

ப: ராய்ச்சூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது, உண்மை. பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரியசக்திப் பூங்காவும் இருக்கிறது. மின்நிலையத்தை மாற்றினால் எல்லா மின் வண்டியும் சேர்ந்து சுத்தமாகும். பெட்ரோல் வண்டியை ஒவ்வொன்றாகத்தான் திருத்த வேண்டும்.

கே: எங்களிடம் லோடு ஆட்டோக்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?
(சரக்கு வண்டி உரிமையாளர், பீன்யா)

ப: கிடங்கிலிருந்து கிளம்பி இரவு கிடங்குக்கே திரும்பும் வண்டிகளை முதலில் மாற்றுங்கள். விளம்பரத்தில் சொல்லும் தூரத்தில் கால்பங்கைக் கழித்துவிட்டுத் திட்டமிடுங்கள். பாரமும் மேம்பால ஏற்றமும் அதைத் தின்னும். வண்டி வாங்குமுன் மின்விநியோக நிறுவனமான பெஸ்காமிடம் மின்இணைப்பின் பளுவை உயர்த்தச் சொல்லி விண்ணப்பியுங்கள். துமகூரு, மைசூரு போகும் வண்டிகள் அப்படியே இருக்கட்டும்.

கே: 2030க்குள் டெலிவரி முழுக்க மின் வண்டி என்கிறார்களே, நடக்குமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஸ்ரீராமபுரம்)

ப: பிளிப்கார்ட்டும் சொமேட்டோவும் அப்படி உறுதி கொடுத்திருக்கின்றன. கிடங்கு வேன்களில் நடக்கும். உணவு டெலிவரியில் உறுதிமொழி கம்பெனியுடையது. வண்டியும் கடனும் அதை ஓட்டும் தம்பியுடையவை. கம்பெனி தன் பெயரில் பேட்டரியை வாங்கி, ஆர்டர் குவியும் இடங்களில் மாற்று நிலையம் வைத்து, மாறுபவருக்கு ஆர்டருக்கு இவ்வளவு என்று கூட்டிக் கொடுத்தால் 2030 வரை காத்திருக்கத் தேவையில்லை.