ஒரு வாய் பால்

கேள்வி: கண்ணில் புற்றுநோய் உள்ள கைக்குழந்தைக்கு அடிக்கடி மயக்க மருந்து கொடுக்கலாமா? (வாசகர், பொட்டிப்புரம்)

பதில்: ரெட்டினோபிளாஸ்டோமா எனும் விழித்திரைப் புற்றுநோய் பெரும்பாலும் 5 வயதுக்குள் வருகிறது. 'அசையாதே' என்றால் அந்த வயது கேட்குமா? அதனால் பரிசோதனையும் லேசரும் மயக்கத்தில்தான், சில வாரங்களுக்கு ஒருமுறை.

முதல் அபாயம் கண்ணில் இல்லை, வயிற்றில். மயக்கத்தில் இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கலாம். பசும்பால், பிஸ்கட்டை 6 மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பாலை 4 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்துவது பொது வழக்கம். விடியுமுன் பஸ் ஏறி மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போகும் குடும்பத்துக்கு இதுதான் பெரும்பாடு. பிள்ளை வீறிட்டு அழ, மனசு கேட்காமல் பாட்டி புகட்டிய ஒரு வாய் பால் அன்றைய சிகிச்சையையே தள்ளிப்போடும். தள்ளிப்போனாலும் சரி, மறைக்கவே கூடாது. சளி, காய்ச்சலும் அப்படியே.

அடுத்த அபாயம் இதயத்தில். அறுவையின்போது கண் தசையை இழுத்தால் இதயத் துடிப்பு சட்டென்று குறையலாம். 1908-லேயே விவரிக்கப்பட்ட அனிச்சை இது. இழுப்பதை நிறுத்தினால் பெரும்பாலும் மீளும். துடிப்பை உயர்த்தும் அட்ரோபின் மருந்தும் தயாராக இருக்கும்.

3 வயதுக்குள் நீண்ட நேரமோ பலமுறையோ மயக்கம் கொடுப்பது மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2016-இல் எச்சரித்தது. ஆனால் இந்தப் புற்று காத்திருக்காது. பார்வையோடு உயிரையும் கேட்கும்.