தகுதித் தேர்வா, காத்திருப்புத் தேர்வா?

கேள்வி: ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவருக்கு மறுபடியும் நியமனத் தேர்வு எதற்கு? (வாசகர், இடைசெவல்)

பதில்: நியமனத் தேர்வு வைப்பது குற்றமில்லை. ஓர் இடத்துக்குப் பலர் வந்தால் வடிகட்டத்தான் வேண்டும். குற்றம் காலத்தில் இருக்கிறது. உங்கள் கரிசலில் விதைப்பு தவறினால் அந்த ஆண்டு மானாவாரி வெள்ளாமை போயிற்று. மழை அடுத்த ஆண்டாவது வரும். இங்கே அந்த உறுதிகூட இல்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் தகுதித் தேர்வு நடத்தச் சொன்னது, 2011இல் வந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் வழிகாட்டுதல். தமிழ்நாட்டில் எல்லோருக்குமான தகுதித் தேர்வு 2013க்குப் பிறகு 2017இல்தான் நடந்தது. நியமனத் தேர்வு தனியாக உண்டு என்று 2018இல் அரசாணை 149 வந்தது. பட்டதாரி ஆசிரியர்களுக்கான அந்தத் தேர்வு 2024 பிப்ரவரியில் நடந்தது. 2013இல் தேறிப் பணி கிடைக்காமல் காத்திருந்தவருக்கு இடையில் பத்தாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அதற்குள் பத்தாம் வகுப்பையே முடித்திருக்கும்!

காலியிடம் இல்லை என்பார்கள். இல்லையென்றால், 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக 7,500, 10,000, 12,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தது எந்த இடத்துக்கு? வேலை இருக்கிறது, அதற்குரிய சம்பளம்தான் இல்லை. பட்டமும் தேர்வும் மட்டுமே ஆசிரியரை உருவாக்குவதில்லை என்பது வேறு விஷயம். உயர்கல்வி பெறாத உங்கள் ஊர் எழுத்தாளர் கி.ராஜநாராயணன் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்தார். தேர்வு இருக்கட்டும். ஆனால், ஆண்டுதோறும் ஜூனில் பள்ளி திறக்கும்முன் அதை நடத்தி, பணி ஆணையையும் கையில் கொடுங்கள்.