பாடும் பஸ்ஸும்

எங்கள் பழவேற்காட்டுக்கு ரயில் கிடையாது. பொன்னேரியில் நம்மை இறக்கிவிட்டு அது தன் போக்கில் கும்மிடிப்பூண்டிக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் ஏறத்தாழ இருபது கிலோமீட்டருக்குப் பஸ்ஸும் கண்டக்டரின் நல்ல மனசும்தான் கதி என்பது உங்களில் ஏரிக்கரைப் பக்கம் பெண்ணெடுத்தவர்களுக்காவது தெரிந்திருக்கும்.

1979இல் அந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, இஸ்திரி போட்ட பெல்பாட்டமும் கையில் ஒற்றை நோட்டுமாகப் பட்டணத்துக் கல்லூரிக்குக் கிளம்பிய என்னைப் போன்ற துரைமார்களுக்கு இருந்த ஒரே கவலை, கூடைக்காரம்மாக்களின் பக்கத்தில் நின்று சட்டையில் கவிச்சி ஏறிவிடக் கூடாதே என்பதுதான்; ஆனால் பாலம் இல்லாத அந்நாளில் லைட்ஹவுஸ் குப்பத்துத் தோணி கரை சேரும்வரை கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றதும், பொன்னேரியில் ரயில் தாமதமென்றால் மாலைப் பஸ் டீக்கடையோரம் சாவகாசமாகக் காத்துக் கிடந்ததும் அந்தக் கூடைகளுக்காகத்தானே தவிர, என் பெல்பாட்டத்துக்காக அல்ல. “இன்னாம்மா, இன்னிக்கு எறா பாஞ்சுதா?” என்று தொடங்கி, லக்கேஜ் காசுக்குப் பேரம் பேசி, பேரத்தில் தோற்ற பிறகுதான் அவர் டிக்கெட்டே கிழிப்பார்.

முறை வைத்துக்கொள்வதில் எங்கள் ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முகத்துவாரத்தருகே எறா பாயும் இடத்தில் இன்றைக்கு வலை போடுவது யார், நாளைக்கு யார் என்று கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொள்ளும் ‘பாடு’ எந்தச் சுவரிலும் அட்டவணையாக ஒட்டப்பட்டதில்லை. மீறினால் பஞ்சாயத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பாட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்துவிடக் கூடாது, ரயிலும் பஸ்ஸும் வந்தே தீர வேண்டும். கணக்கு என்னவோ ஒன்றுதான்.

இப்போது பாலம் இருக்கிறது. பிரசவ வலியோடு தோணிக்குக் காத்திருந்த ராத்திரிகளை அறிந்த எவரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. பெருநகரப் போக்குவரத்தை ஒருங்கிணைக்க 2010இலேயே சட்டம் வந்து ‘கும்டா’ பிறந்து, 2025இல் ‘சென்னை ஒன்று’ செயலியும் வந்து, மாநகரப் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் என்றாகிவிட்டது. டிக்கெட்டுகள் கைகோத்துக்கொண்டன, நல்லது. நானோ பொன்னேரியில் இறங்கி, பஸ் இந்நேரம் எந்தத் திருப்பத்தில் போய்க்கொண்டிருக்கும் என்று கைப்பேசியில் துல்லியமாகத் தெரிந்துகொண்டு, ஷேர் ஆட்டோவில் நாலாவது ஆளாக இடுங்கி உட்காருகிறேன். பக்கத்தில் கூடைக்காரம்மா இருந்தால் இப்போதெல்லாம் நானே நகர்ந்து இடம் விடுகிறேன்.

கால அட்டவணை போடுகிற ஐயாமார்களே, ஒருநாள் கோட்டைக்குப்பத்துக்கு வந்து பாடு எப்படி நடக்கிறதென்று பெரியவர்களிடம் கேட்டுப் போங்கள். அதற்கு நேரமில்லையென்றால், மாலை ரயில் வந்து பத்து நிமிஷம் கழித்து அந்தப் பஸ்ஸை எடுக்கச் சொல்லுங்கள், போதும்.