வாளையாரில் இருந்துகொண்டு முனைவர் ஆவது எப்படி?

வாளையார் தமிழ்நாடு–கேரள எல்லை. ஆகவே முதலில் திசையைத் தீர்மானியுங்கள். கிழக்கே பஸ் ஏறினால் கோவை பாரதியார் பல்கலைக்கழகம் (1982). மேற்கே போய்க்கொண்டே இருந்தால் தேஞ்ஞிப்பாலத்தில் காலிக்கட் பல்கலைக்கழகம் (1968). எந்தப் பக்கம் போனாலும் கேட்கப்போகும் சான்றிதழ் மறுபக்கம்தான் இருக்கும்.

1. தலைப்பு: கண்ணெதிரே நடப்பதை எடுங்கள். யானை. காலையில் தமிழ்நாட்டில் தழை தின்னும், மாலையில் கேரளத்தில் தண்ணீர் குடிக்கும். அதற்கு ஒரே காடு. அதன் பின்னால் போகும் உங்களுக்கு இரண்டு வனத்துறை, இரண்டு மனு. இரண்டாவது அனுமதி வரும்வரை யானையை எல்லையிலேயே நிற்கச் சொல்லுங்கள்.

2. சான்றிதழ்: 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின், வாளையாரில் வரிக்காக நின்ற லாரி வரிசை கலைந்தது. நல்ல வரிசை வீணாகக் கூடாதல்லவா? கோவையில் வாங்கிய எம்.எஸ்சி. பட்டத்தோடு மேற்கே போய்ப் பாருங்கள். மைக்ரேஷன் சர்டிபிகேட் எங்கே, இந்தப் பட்டம் எங்கள் பட்டத்துக்குச் சமமா என்று கேட்டு நிறுத்துவார்கள். சிமெண்ட் மூட்டைக்கு இல்லாத சோதனை படிப்புக்கு உண்டு.

3. கைடு: 2022 யுஜிசி விதிப்படி பேராசிரியருக்கு 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. யாராவது இறங்கினால்தான் சீட்டு. ஓய்வுபெற மூன்று வருடம்கூட இல்லாதவர் புது ஆளை ஏற்றவே கூடாது. ஆகவே டவுன் பஸ் ஞானம் கைகொடுக்கும்: காலி தெரிந்தவுடன் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போடுங்கள்.

4. பணம்: நெட் எழுதி ஜேஆர்எஃப் பெல்லோஷிப் வாங்கிவிட்டால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. எந்த மாதம் கைக்கு வரும் என்பது வேறு கேள்வி. தண்டவாளத்துக்கு யானை வருவதை முன்கூட்டிச் சொல்ல, கோவை அருகே மதுக்கரையில் 2024 முதல் செயற்கை நுண்ணறிவுக் கேமரா இருக்கிறது. பெல்லோஷிப் வருவதைச் சொல்ல இன்னும் ஒன்றும் வரவில்லை. அதுவரை டியூஷன் எடுங்கள்.

5. எழுத்து: 2018 யுஜிசி விதிப்படி, பிறர் எழுத்தோடு பத்து சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. அறுபதைத் தாண்டினால் பதிவே போய்விடும். யானையின் அறிவியல் பெயரை எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவதால், பத்தில் பாதி அங்கேயே செலவாகிவிடும். மீதியைப் பார்த்துச் செலவழியுங்கள்.

6. காலம்: குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. அதற்கு மேல் மறுபதிவு செய்து கெஞ்சினால் இன்னும் இரண்டு. இதற்குள் வீட்டிலிருந்து கேள்வி வரும். அம்மிச்சி வெற்றிலையை மடித்தபடி ஆரம்பிப்பார்:

“ஏன் கண்ணு, யானையே ரெண்டு வருசத்துல குட்டி போட்டுருதே. நீ இன்னும் எத்தனாவது மாசத்துல இருக்கற?”

கோபப்படாதீர்கள். கணக்கு சரிதான், யானைக்கு 22 மாதம். பணிவாகப் பதில் சொல்லுங்கள்:

“யானைக்குக் கைடு கையெழுத்து வேண்டியதில்லைங்க அம்மிச்சி.”