கப்பல் வரட்டும்

இடித்த சத்தம் அடங்குவதற்குள் அண்ணாச்சி காரைவிட்டு இறங்கிவிடுவார். பம்பரைப் பார்க்க மாட்டார். இடிபட்டவன் முகத்தைப் பார்ப்பார்.

"தம்பிக்கு வீடு எங்க? ஜங்க்லிகாட்டா? அட, உங்க மாமாவ எனக்கு நல்லாத் தெரியுமே!"

எல்லோருக்கும் எங்கேயோ ஒரு மாமா இருப்பார் என்ற நம்பிக்கையில் விடுகிற அம்பு. இத்தனூண்டு ஊரில் அது பெரும்பாலும் தைத்துவிடுகிறது. எதிராளி வங்காளியானால் 'தாதா', தெலுங்கரானால் 'அன்னா'. மிச்சமெல்லாம் தீவுக்கே பொதுவான இந்தியில்.

"இன்சூரன்ஸ் பேப்பர் இருக்கா அண்ணாச்சி?"

"அதுவா? கப்பல் வரட்டும்."

சென்னையிலிருந்து கப்பல் வந்து சேர மூன்று நாள் ஆகும். கடல் கொந்தளித்தால் வெங்காயமே விலையேறும் ஊர் இது. ஆகவே இந்தச் சாக்குக்கு போர்ட் பிளேரில் தனி மரியாதை உண்டு. (2024 முதல் ஊர் ஸ்ரீ விஜயபுரம். அண்ணாச்சியின் வாயில் அந்தப் பெயரும் இன்னும் கரையிறங்கவில்லை.) இடது கண்ணாடி? கப்பல் வரட்டும். இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊரில் ஒற்றை வைப்பரா? கப்பலில் வருகிறது. பழுப்பு டேப் ஒட்டிய பம்பர், குரல் போன ஹாரன், எல்லாமே நடுக்கடலில்தான்.

ஆனால் இன்சூரன்ஸ் கப்பலில் வருவதில்லை. சென்னையிலிருந்து கடலடியில் போட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்றே தொடங்கி வைக்கப்பட்டது. அண்ணாச்சி ராத்திரி சீரியல் பார்ப்பது அதன் புண்ணியத்தில்தான். பணம் கட்டினால், கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் பாலிசி போனில் வந்து நிற்கும். தன் மருமகன் இதை எடுத்துச் சொன்னபோது அண்ணாச்சி கேட்டார்: "கடலுக்கு அடியில வர்றது நனையாதா?"

உண்மையில் அவர் மனசில் ஓடுவது வேறு கணக்கு. ஆயிரம் சிசிக்கு உட்பட்ட காருக்கு, 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி, மூன்றாம் நபர் காப்பீடு வருஷத்துக்கு 2,094 ரூபாயும் வரியும். இல்லாமல் முதல் தடவை மாட்டினால் அபராதம் 2,000. "வரிய விட்டாலே 94 ரூபா மிச்சம். அதுவும் மாட்டினாத்தானே?" அடுத்த தடவை 4,000, எந்தத் தடவையானாலும் மூன்று மாதம் வரை ஜெயிலும் கிடைக்கலாம் என்றால், "இங்க ஜெயிலப் பாக்க டிக்கெட் வாங்கிட்டுல்ல வர்றாங்க!"

கெட்டவர் அல்ல. அடிபட்டவனைத் தன் காரிலேயே ஏற்றி ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குக் கொண்டுபோவார். இளநீர் வாங்கிக் கொடுப்பார், மறுநாள் வீட்டுக்கே வந்து விசாரிப்பார். மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவு சொல்வதைப் படிக்காமலே செய்கிற மனுஷன். போலீசில் சொல்ல வேண்டும் என்று அதே பிரிவு சொல்வதைத்தான் செய்வதில்லை.

இளநீரைக் குடித்தால் மட்கார்டு நிமிராது. போன தடவை இடிபட்டு மணிக்கட்டு பிசகிய கொத்தனாருக்கு மூன்று வாரக் கூலி போனது போனதுதான். அந்த 2,094 ரூபாயைக் கட்டியிருந்தால், பிறர் பொருளுக்கான சேதத்துக்கு மட்டுமே ஏழரை லட்சம் வரை கம்பெனி பொறுப்பு. இப்போது தீர்ப்பாயத்துக்குப் போய் அண்ணாச்சியின் பையிலிருந்துதான் வாங்க வேண்டும். மாமாவைத் தெரிந்தவர்மேல் எவன் கேஸ் போடுவான்?

கொத்தனார் வண்டியின் மட்கார்டு ஒருவழியாகக் கப்பலில் வந்து இறங்கியது. செய்தி கேட்டதும் அண்ணாச்சி அந்தக் கொத்தனாரின் மாமாவுக்கே போன் போட்டார்:

"உன் மருமகன் வண்டிதானேப்பா, பாதி நீ போட்டுரு."