தாத்தா கோல் காத்த வருடம்

அக்கா மகன் இஸ்தோப்பில் சாய்ந்துகொண்டு கையகலப் போனில் உலகக் கிண்ணம் ஆடுகிறான். வீரனின் வியர்வை தெரிகிறது, புல் பெயர்வது தெரிகிறது. எதிரில் ஆடுகிறவன் பிரேசில்காரனா பொகவந்தலாவைக்காரனா என்பதுதான் தெரிவதில்லை. எங்கள் காலத்தில் எதிராளி அதே வாங்கில் முழங்கை இடிக்க உட்கார்ந்திருப்பான், தோற்றால் கீபோர்டைக் குறை சொல்வான், அடுத்த ஆட்டத்துக்குக் காசில்லாமல் நம்மிடமே கடனும் கேட்பான்.

1998ஐச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் படிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, கொட்டகலையில் ரயிலேறி, சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ஊளையிட்டுக்கொண்டே ஹட்டனில் இறங்கி, கடைமாடி வகுப்பொன்றில் மாஸ்டர் தேத்தண்ணி குடிக்கப் போகும் நேரம் பார்த்து நாங்கள் கற்ற ஒரே பாடம் 'ஃபிஃபா: ரோட் டு வேர்ல்ட் கப் 98'. இ.ஏ. ஸ்போர்ட்ஸ் 1997இல் வெளியிட்டது. எங்களிடம் வந்தது யாரோ பேனாவால் பெயரெழுதிய கள்ள சிடி. பிளர் குழுவின் கூச்சல் பாட்டு தொடங்கினால் கீழே புடவைக் கடைக்காரர் குடைக்கம்பால் கூரையைத் தட்டுவார். வர்ணனை ஜோன் மொட்சன். அவருடைய இங்கிலீஷ் எங்களுக்குப் பாதிதான் புரியும், மீதியை நாங்களே தமிழில் கத்திக்கொள்வோம்.

அந்த விளையாட்டில் 172 நாடுகள் இருந்தன. இலங்கையும். நிஜத்தில் நம் அணி 1996இலேயே டோஹாவில், கட்டாரும் இந்தியாவும் பிலிப்பைன்சும் இருந்த தகுதிச் சுற்றுக் குழுவோடு நின்றுவிட்டது. கடைமாடியில் மட்டும் பாரிஸ்வரை போகும். தோற்றால் அழிச்சாட்டியமாக மறுபடி தொடக்கம், சமநிலை என்றால் தோட்டத்தில் அரைநாள் கூலிக்கு அரைப்பேர் போட்ட மாதிரி முகம் தொங்கும். வீரர்களின் பெயரை மாற்றலாம் என்று கண்டுபிடித்த அன்றைக்குப் பதினொரு பேரும் எங்கள் லயத்தார் ஆனார்கள். கோலுக்குத் தாத்தா. இலங்கையும் இந்தியாவும் எங்கள் ஆட்களைப் பங்குபோட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்குமில்லாமல் அங்குமில்லாமல் மிஞ்சிப்போய், பிரஜாவுரிமைக் கடதாசி இல்லாமலே கவ்வாத்து வெட்டி ஓய்ந்த மனிதர், சிங்கக்கொடிக்குக் கீழே நின்று ஜெர்மனிக்காரன் அடித்த பெனால்டியைப் பிடித்தார். சட்டம் அவரைப் போன்றவர்களுக்கு 2003இல்தான் வழிவிட்டது. கம்ப்யூட்டர் ஐந்து வருடம் முந்திக்கொண்டது. அன்றிரவு அவரிடம் சொன்னேன். "சம்பளம் உண்டாடா?" என்றார்.

நிஜ இறுதியாட்டம் இங்கே நடுநிசி தாண்டி ஒரு மணிக்கு. கார் பெட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளை டிவியில் ஸிடேன் இரண்டு முறை தலையால் முட்டியதைப் பார்த்தோம். அப்புறம் பெட்டரி இறங்கிவிட்டது, மூன்றாவது கோலைக் காலையில் பெரட்டுக் களத்தில்தான் கேள்விப்பட்டோம். அடுத்த மாதம் ஃபிஃபா தரவரிசையில் இலங்கை 122ஆம் இடத்துக்கு ஏறியது. அதற்கு மேல் அது ஏறியதே இல்லை. எங்கள் கைங்கரியம் என்றே அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் முழுதாக மறுக்க மனம் வரவில்லை.

பிறகு முன்னேற்றம் வந்தது. 2014 பிரேசில் உலகக் கிண்ண விளையாட்டில் 203 நாடுகள், இலங்கையும் உண்டு. ஆனால் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும், கம்ப்யூட்டருக்குக் கிடையாது. எங்கள் டிவிஷனில் யார் வீட்டில் எக்ஸ்பாக்ஸ்? 2018இலும் 2022இலும் தனி சிடியே இல்லை, வருடாந்த விளையாட்டோடு இலவசமாக ஒட்டிக்கொண்டு வந்தது. தகுதி பெற்ற 32 நாடுகளும் கூடவே சில பெரிய வீட்டுப் பிள்ளைகளும். 2023இல் ஃபிஃபாவே இலங்கையைச் சில மாதம் தடைசெய்து வைத்தது. அதே வருடம் இ.ஏ.யும் ஃபிஃபாவும் பிரிந்து, விளையாட்டின் பெயரிலிருந்தே ஃபிஃபா போய்விட்டது.

"ஸ்ரீலங்காவ எடுத்து ஆடேன்டா" என்றேன் மருமகனிடம்.

"அது இதுல இல்ல மாமா. பிரான்ஸ் எடுக்கவா?"

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் யார் வீட்டுத் தகரப் பெட்டியிலாவது அந்த 98 சிடி கிடந்தால் தயவுசெய்து வீசிவிடாதீர்கள். கீறல் விழுந்திருந்தாலும் பரவாயில்லை, நான் வாங்கிக்கொள்கிறேன்.