டயருக்குக் கல் வைத்தவன்

புதுக் கார் எடுக்கப் போனால் சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. பக்கத்து சீட்டில் ஒரு பையன் ஏறி உட்கார்ந்து பாடம் எடுக்கிறான். எனக்கு வாய்த்தவனுக்கு என் மகனைவிட வயது குறைவு. "இதுல ஹில் ஹோல்டு வருதுங்க சார். லேன் கீப் வருதுங்க சார். த்ரீ சிக்ஸ்டி கேமரா வருதுங்க சார்" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று உறைத்தது. இதெல்லாம் எங்கள் பழைய காரிலும் இருந்தது. என்ன, அன்றைக்கு அதெல்லாம் இட்லி சாப்பிட்டது, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டது.

பழைய கார் எழுபதுகளின் நடுவில் அப்பா வாங்கியது. என்ன கார் என்று சொல்லப்போவதில்லை. அன்றைக்கு நாட்டில் இருந்ததே மூன்று: மேற்கு வங்காளத்து உத்தர்பாராவிலிருந்து அம்பாசடர், பம்பாய் குர்லாவிலிருந்து ஊரே ஃபியட் என்று கூப்பிட்ட பிரீமியர் பத்மினி, நம் வண்டலூர்ப் பக்கமிருந்து ஸ்டாண்டர்ட். எங்களுடையது எது என்று சொன்னால் மற்ற இரண்டின் பக்தர்கள் "அப்பவே நெனச்சேன்" என்பார்கள். எதற்கு வம்பு?

பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்பா பதிவு செய்தபோது என் தங்கை பிறக்கவில்லை. வண்டி வீட்டுக்கு வந்த அன்று அவள்தான் ஓடிப் போய் ஹாரனை அமுக்கினாள். பெட்ரோல் வேண்டுமா டீசல் வேண்டுமா, டாப் எண்ட் வேண்டுமா என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. வந்த கலர்தான் பிடித்த கலர். ரேடியோ வைத்தால் அதற்குத் தபால் ஆபீஸில் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று அப்பா ரேடியோ வைக்கவில்லை. இந்த முறை மூன்று ஷோரூம், எட்டு வேரியண்ட், வீட்டில் ஒரு மாதம் பட்டிமன்றம். கடைசியில் எக்ஸ்-ஷோரூம் விலையில் மயங்கி, ஆன்-ரோடு விலையில் தெளிந்தோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து காருக்கான வாழ்நாள் வரியும் கூடிவிட்டது. அப்பா கார் வாங்கிய பணத்தில் இன்றைக்கு அந்த வரியின் ஓரம்கூடத் தேறாது.

இருக்கட்டும். ஹில் ஹோல்டுக்கு வருகிறேன். அது நான்தான்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் கார் இருந்தால் கோடையில் ஊட்டி போயே ஆகவேண்டும். மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு தாண்டி, மலை ஏறத் தொடங்கியதும் நான் பின்சீட்டில் கதவோரம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வேன். காலடியில் அரைச் செங்கல் அளவுக்கு ஒரு கருங்கல். கொண்டை ஊசி வளைவில் மேலேயிருந்து பஸ் இறங்கினால் ஏறுகிற நாங்கள் நிற்க வேண்டியிருக்கும். ஹேண்ட்பிரேக் என்று ஒன்று இருந்தது. அதை நம்பி அப்பா எங்களை ஒப்படைத்ததில்லை. "டேய், கல்லு!" என்பார். நான் குதித்து, பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் கல்லைச் சொருகுவேன். டயர் பின்னால் ஒரு விரற்கடை உருண்டு கல்லின்மேல் 'நறுக்'கென்று உட்காரும். பஸ் போனதும் அப்பா கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை அமுக்க, கருகல் நாற்றத்தோடு வண்டி முன்னால் பாயும். உடனே கல்லை எடுத்துக்கொண்டு பின்னால் ஓட வேண்டும். ஏனென்றால் மேட்டில் மறுபடி நிறுத்தி என்னை ஏற்றிக்கொண்டால் மறுபடி கல் வைக்க வேண்டும். நடுவில் ஒரு சமதளம் வரும்வரை ஓடி, ஏறி உட்கார்ந்தால், கல்லைப் பத்திரமாகக் கொண்டுவந்தேனா என்றுதான் முதல் கேள்வி வரும்.

இப்போது அதே வளைவில் நிற்கிறேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் கார் தானே இரண்டு நொடி பிடித்துக்கொள்கிறது. அதற்குள் ஆக்சிலேட்டரைத் தொட்டால் போதும், ஓர் அங்குலம் பின்வாங்காமல் ஏறுகிறது. தன் வேலை பறிபோனதை ஏசி காற்றில் சாய்ந்து உட்கார்ந்து ரசித்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அம்மாவின் வேலையும் போய்விட்டது. மலை ஏற ஏற என்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப் ஆவியை இழுக்குமே தவிர பெட்ரோலை இழுக்காது; வண்டி இருமிவிட்டு நின்றுவிடும். மெக்கானிக்குகள் வேப்பர் லாக் என்பார்கள். வைத்தியம் எளிது: ஈரத்துணியைப் பம்ப்மேல் சுற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதற்கென்றே அம்மா ஒரு பழைய சுங்குடிப் புடவையைக் கிழித்து வைத்திருந்தார். பர்லியாரில் ரேடியேட்டருக்குத் தண்ணீர், பம்புக்குப் புடவை, எங்களுக்கு மங்குஸ்தான். பக்கத்தில் நிற்கிற காருக்கும் அதே நிலைமை என்பதால் பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை. அப்படி நின்ற இடத்தில் பேச ஆரம்பித்துத்தான் எங்கள் பெரியம்மா மகளுக்கு வரன் அமைந்தது.

இன்றைய கார்களில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. கார்புரேட்டரும் இல்லை, அந்தத் தொல்லையும் இல்லை. பானட்டைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று. தலையைச் சொறிந்து "பாயிண்ட்ல தூசியா இருக்கும்" என்று சொல்ல ஒரு இடம் வேண்டாமா? பழுது என்றால் லேப்டாப் வைத்திருப்பவன் வர வேண்டும். ஆனால் ஒன்று, ஏறத் தொடங்கினால் ஊட்டி வரைக்கும் நிற்பதில்லை. வண்டிக்குக் கேன் கேனாகத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போன அதே மலைக்கு இன்று நாம் குடிக்கிற தண்ணீரை பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுபோகத் தடை. அன்று மலையேற முடியுமா என்று கார் தீர்மானித்தது. இன்று 2024 மே 7-லிருந்து, உயர்நீதிமன்ற உத்தரவுப்படி, ஈ-பாஸ் தீர்மானிக்கிறது.

அம்மிச்சியைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். முன்சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டு முள் நாற்பதைத் தொட்டதும் "மெதுவாப் போ சாமி" என்பார். இப்போது அந்தப் பொறுப்பை அரசாங்கம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2019 ஜூலை 1-க்குப் பிறகு வந்த எல்லாக் கார்களும் 80-ஐத் தாண்டினால் நிமிடத்துக்கு ஒருமுறை மணியடிக்கும்; 120-ஐத் தாண்டினால் ஓயாமல் அடிக்கும். ஆறுவழிச் சாலையைப் போட்டுக் கொடுத்து, அதில் நூறு போகலாம் என்று பலகையும் நட்டுவிட்டு, காருக்குள் 80-க்கே மணி வைத்த புத்திசாலியை நான் பார்க்க வேண்டும். அம்மிச்சியாவது பெருந்துறை தாண்டினால் தூங்கிவிடுவார்.

தூக்கம் என்றதும் இன்னொன்று. ரொம்ப நேரம் ஓட்டினால் திரையில் ஒரு காபிக் கோப்பை படம் வருகிறது, ஓய்வெடுக்கச் சொல்கிறதாம். அன்றைக்கு அத்தை பிளாஸ்கைத் திறந்து காபியையே கொடுப்பார். படம் காட்டிவிட்டுச் சும்மா இருக்கிற விருந்தோம்பலை இந்தக் காரில்தான் பார்க்கிறேன்.

ரேடார் வைத்த குரூஸ் கண்ட்ரோல் சேலம் ரோட்டில் ஒரு தனி நாடகம். முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் நடுவே ஒழுங்கான இடைவெளி விட்டு அதுவே ஓட்டும். நம் ஊரில் இடைவெளி என்பது வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த அழைப்பு. ஒரு மினி லாரி நுழையும். கார் பணிவாகப் பின்வாங்கி அதற்கும் இடைவெளி விடும். அதில் ஒரு ஆம்னி பஸ் நுழையும். இப்படி வழிவிட்டு வழிவிட்டு, அவிநாசியிலிருந்து கிளம்பியவன் முன்னேறுகிறேனா பின்னேறுகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. லேன் கீப் இன்னும் மோசம். பள்ளத்தை ஒதுக்கி ஓட்டினால் ஸ்டியரிங் நடுங்கி என்னைத் திரும்பப் பள்ளத்துக்கே தள்ளுகிறது. கோடு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். குழி எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

வழி சொல்கிற அம்மணியும் இருக்கிறாள். 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறந்தார்கள், உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர். நான் பாலத்தின் மேலே போகிறேனா அடியில் போகிறேனா என்பது அவளுக்குப் புரியவில்லை. மேலே பறந்துகொண்டிருக்கும்போது "இடதுபுறம் திரும்புங்கள்" என்கிறாள். திரும்பினால் நேராக லட்சுமி மில்ஸ் சிக்னலில் விழ வேண்டியதுதான். டீக்கடையில் விசாரித்த காலத்தில் தப்பான வழி சொன்னவர்கள்கூட யாரும் காற்றில் திரும்பச் சொன்னதில்லை.

குறையாகவே அடுக்கினால் மகன் கோபித்துக்கொள்வான். எனக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். சீட்டுக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. ரெக்சின் சீட்டில் முதுகு ஒட்டி, எழுந்தால் சட்டையோடு தோலும் வருமோ என்று டர்க்கி டவல் விரித்து வளர்ந்த பரம்பரை நாங்கள். இதைக் கண்டுபிடித்தவன் நன்றாயிருக்க வேண்டும்.

அடுத்தது ஏர்பேக். கல்யாண வீட்டில் யாராவது ஒருவர் "அந்தக் காலத்துக் காரு இரும்புங்க, முட்டினா செவுத்துக்குத்தான் அடி" என்று ஆரம்பிப்பார். அது உண்மை, அதுதான் பிரச்சினையும். வண்டி நசுங்காவிட்டால் அந்த அடி முழுவதும் உள்ளே இருக்கிற ஆளுக்குத்தான் போகும். எங்கள் பழைய காரில் பெல்ட்டே கிடையாது. தங்கை முன்சீட்டில் அம்மா மடியில் நின்றுகொண்டே ஊட்டி வரை வருவாள். பிரேக் அடித்தால் அம்மாவின் இடது கை தானாகக் குறுக்கே நீளும். அந்தக் கைதான் ஏர்பேக். இப்போதைய கார் மோதலில் தன் மூக்கை நசுக்கிக்கொண்டு வேகத்தைத் தின்றுவிடுகிறது. ஆறு பலூன்களும் இருக்கின்றன. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நம் நாட்டிலேயே காரை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கிறார்கள். இந்த விஷயத்தில் பழசைப் பாட எனக்கு வாய் வரவில்லை.

ரிவர்ஸ் கேமராவும் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பதவியில் சித்தப்பா இன்னும் ராஜினாமா செய்யவில்லை. அப்பா காரைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று "வா... வா... வரலாம்... வா..." என்பவர் அவர். 'டொம்' என்று கேட்கும். "போதும்" என்பார். இந்த வரிசையை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை. எண்பதை நெருங்கியும், நான் வண்டியை எடுக்கிறேன் என்று தெரிந்தால் கைத்தடியோடு வந்து பின்னால் நின்றுவிடுகிறார். திரையில் சித்தப்பா தெரிகிறார். அவரைச் சுற்றிச் சிவப்புக் கட்டம். அவர் "வா வா" என்று கையாட்ட ஆட்டக் கார் பீப் பீப் என்று அலறி, தானே பிரேக் போட்டு நின்றுவிடுகிறது. "ஏன்டா, இன்னும் நாலடி எடம் இருக்குது, வண்டி பயப்படுது?" என்கிறார். அவரையே தடையாக நினைக்கிறது என்று நான் சொல்லவில்லை.

ஈச்சனாரியில் பூஜை போட்டபோதும் இதே கதைதான். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு, அர்ச்சகர் கற்பூரத் தட்டோடு முன்னால் வந்தார். அவரையும் கார் சிவப்பில் காட்டி அலறியது. "பரவால்லீங்க, எல்லாப் புது வண்டியும் இப்ப என்னப் பாத்தாக் கத்துது" என்று சாந்தமாகத் தட்டை மூன்று சுற்றுச் சுற்றினார்.

1983 டிசம்பர் 14-ஆம் தேதி இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்த படம் பேப்பரில் வந்தபோது அப்பா அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்குது. கல்லு வெக்கறதுக்கு எடம் இருக்குதா?" என்று கேட்டார். கடைசிவரை அவர் வேறு கார் மாற்றவில்லை. இன்று இருந்திருந்தால் இந்தக் காரோடு அவருக்கு ஒத்துப்போயிருக்குமா என்று யோசிப்பதுண்டு. அவருக்குத் திட்டுவதற்கு ஆள் வேண்டும். கல் வைக்கத் தாமதித்தால் என்னைத் திட்டலாம். 'டொம்' கேட்டால் சித்தப்பாவைத் திட்டலாம். அவர்களும் திருப்பி இரண்டு வார்த்தை பேசுவார்கள். திரையைத் திட்டினால் "மன்னிக்கவும், புரியவில்லை" என்று ஆங்கிலத்தில் பதில் வருகிறது.

போன மாதம் குன்னூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனோம். பின்சீட்டில் அம்மாவும் மனைவியும், ஈ-பாஸ் என் போனில். பர்லியாரில் நிறுத்த ஒரு காரணமும் இல்லை, ஆனாலும் நிறுத்தினோம். தங்கைக்கென்று அம்மா தட்டித் தட்டிப் பார்த்து ஒரு பலாப்பழம் வாங்கினார், பதினைந்து கிலோவுக்குக் குறையாது. டிக்கியில் வைத்தால் உருளும் என்று முன்சீட்டில் உட்காரவைத்தோம். நூறு அடி நகர்ந்ததும் கார் மணியடிக்கத் தொடங்கியது. வேகமா? இல்லை. கதவா? இல்லை. திரையில் ஒரு மனிதன், அவன் மார்பின் குறுக்கே சிவப்பாக ஒரு பட்டை.

ஓரம் கட்டி, பழத்தின்மேல் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். முள் உறுத்தினாலும் பக்கிள் சரியாக விழுந்தது. மணி நின்றது. பின்னாலிருந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்:

"அதுக்கு ஈ-பாஸ் எடுத்திருக்கியா, கண்ணு?"